கடைசி வண்டிக்காரரின் நாற்றுகள்

எங்கள் அப்பா யார் கையிலும் எதையும் கொடுக்க மாட்டார். கஞ்சர் என்று நினைத்துவிட வேண்டாம். கேட்டதையெல்லாம் தருவார், கையில் தரமாட்டார், அவ்வளவுதான். சாவி கேட்டால் ஃபிரிட்ஜ் மேல் வைப்பார். கத்தரிக்கோல் கேட்டால் நாற்காலியில் வைத்துவிட்டு ஒரு அடி தள்ளி நிற்பார். நான் காய்ச்சலில் கிடந்தபோதுகூட மாத்திரையைத் தலையணை ஓரத்தில் வைத்துவிட்டு, "அங்க இருக்கு பாரு" என்றார், ஏதோ அது தானாக நடந்து வந்து உட்கார்ந்த மாதிரி.

எல்லாம் வேலையால் வந்தது. ஆஸ்பத்திரியில் இறந்தவர்களை வீட்டுக்கும் மயானத்துக்கும் கொண்டுபோகும் வண்டியை அப்பா ஓட்டுகிறார். வெள்ளை வேன், பக்கவாட்டில் நீல எழுத்தில் 'அமரர் ஊர்தி'. தெருவில் அவருக்குக் கடைசி வண்டி என்று பெயர். "கடைசி வண்டி வீட்டுக்கு வந்தாச்சா?" என்று எங்களிடமே கேட்பார்கள். அப்பாவுக்குக் கோபம் வராது. "என் வண்டியில ஏறின ஒருத்தர்கூட இதுவரைக்கும் புகார் சொன்னதில்ல" என்பார். ஹார்ன் அடிக்கவே மாட்டார். ஏனென்று கேட்டால், "உள்ள படுத்திருக்கறவருக்கு அவசரமில்ல, எனக்கு மட்டும் என்ன அவசரம்?"

அதற்கு முன்னால் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அப்போது நான் எஞ்சின் மூடியின் மேல் உட்கார்ந்து போவேன், சூட்டில் பாவாடை பொசுங்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அப்பா இறங்கி வந்து, பிள்ளைகளை அக்குளில் கை கொடுத்துத் தூக்கிக் கீழே விடுவார். "எறங்கினதும் ஓடக்கூடாது. மெதுவா, மெதுவா." எத்தனை முறை சொன்னாலும் எல்லாம் ஓடும். பிறகு பள்ளிக்கூடம் பெரிய பஸ் வாங்கியது, வேனும் அப்பாவும் மிச்சமானார்கள். ஆஸ்பத்திரியில் ஆள் கேட்டார்கள், போனார்.

வேலை மாறிய புதிதில் தெரிந்தவர் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போயிருந்தோம். அப்பா பரிசுப் பொட்டலத்தை நீட்ட, குழந்தையும் கை நீட்ட, அதன் அம்மா சட்டென்று குழந்தையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தாள். அப்பா பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். அன்றிலிருந்து எல்லாவற்றையும் வைக்கத்தான் செய்கிறார். வேலை முடிந்து வந்ததும் மாடிப்படி அடியில் இருக்கும் குழாயில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுவார். கழுவின கையைப் பார்ப்பார். மறுபடி கழுவுவார்.

இப்படிப்பட்ட மனிதர், அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமான அன்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "கல்யாணத்துக்கு வர்றவங்களுக்குப் போகும்போது ஆளுக்கொரு செடி குடுக்கலாமா? தக்காளி, மிளகாய், இந்த மாதிரி. நாமளே விதை போட்டு வளர்த்து." சோற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "என் கையால குடுக்கணும்னு ஒரு ஆசை" என்றார்.

யாரும் சாப்பிடவில்லை. எனக்கே ஒரு கிண்டலும் தோன்றவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தெருவில் என் பெயர் வாலு. பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் பாதியிலேயே பிரிந்துவிட்டோம். இப்போது பக்கத்து வீட்டுத் தையல் அத்தையிடம் பொத்தான் தைக்கிறேன். கிண்டல் தோன்றாமல் நான் இருந்த நேரங்கள் குறைவு.

அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "செய்ங்க. யாரு வேணாம்னாங்க?" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய் வெகுநேரம் வெறும் பாத்திரத்தைத் தேய்த்தாள்.

அப்பா மும்முரமாக இறங்கினார். ஆஸ்பத்திரிப் பின்கட்டில் குவிந்து கிடந்த பழைய தொட்டி மண்ணைச் சாக்கில் அள்ளி வந்தார். அங்கேயே ஓரமாகக் கிடந்த இரண்டு பழைய நாற்றுத் தட்டுகளையும் தூக்கி வந்தார். குழியெல்லாம் பச்சைப் பாசி. விதையைத் தாராளமாகத் தூவினார். "இது என்ன, காலை நேர பஸ்ஸா? இவ்வளவு பேரை ஏத்துறீங்க?" என்றேன். "இருக்கட்டும்டி, எல்லாம் குழந்தைங்கதானே" என்றார். குளிரக்கூடாதென்று மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, கூடத்து ஜன்னல் திட்டில் வைத்தார்.

முளைத்தது. சும்மா சொல்லக்கூடாது, அவ்வளவும் முளைத்தது. இரண்டிரண்டு இலையோடு நெருக்கியடித்து நின்றன. அப்பா வேலைக்குப் போகும்போது ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை கன்னத்தைத் திட்டில் வைத்துப் பக்கவாட்டில் பார்ப்பார். பொதுவாக அவர் பார்க்கிற ஆட்கள் படுத்தேதான் இருப்பார்கள், நிற்கிறவர்களைப் பார்ப்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஒரு காலையில் முதல் தட்டில் ஒரு மூலை சரிந்து கிடந்தது. இலை பச்சையாகத்தான் இருந்தது. மண்ணை ஒட்டி, தண்டின் அடி மட்டும் யாரோ விரலால் நசுக்கிய மாதிரி, வெந்துபோன நூல் மாதிரி இளைத்துப் பழுப்பாகியிருந்தது. மறுநாள் பாதித் தட்டு. அடுத்த நாள் நிற்கிறவை எவை என்று தேட வேண்டியிருந்தது.

வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னடி ஊத்துன? உண்மையச் சொல்லு. உப்புத் தண்ணியா?" என்றாள் அக்கா.

"நான் ஒண்ணுமே செய்யல."

"நீ ஒண்ணும் செய்யலன்னா சூரியன் எந்தப் பக்கம் உதிச்சுது?" என்றாள் அம்மா.

வாழ்க்கையில் முதல் தடவையாக நான் நிஜமாகவே எதுவும் செய்யவில்லை. அதற்கு இந்த மரியாதை. அப்பா மட்டும், "அவளைத் திட்டாதீங்க" என்றார். அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. செத்த நாற்றை ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டு, தையல் கடைக்கு எதிரே இருக்கிற செடி விற்கிற நர்சரிக்குப் போனேன். அங்கே இருக்கிற அண்ணன் எப்போதும் ஒரு காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டேதான் பேசுவார். காகிதத்தைப் பிரித்துப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"நாற்றழுகல். பூஞ்சைம்மா. ஈரத்துல உட்கார்ந்துக்கிட்டு தண்டோட அடியைத் தின்னுடும். பழைய மண்ணா?"

"ஆமா."

"தட்டைக் கழுவல?"

"இல்ல."

"நெருக்கமா தூவி, மேல மூடி வச்சு, காத்தே போகாம..."

"அண்ணே, நீங்க எங்க வீட்டு ஜன்னல் வழியா பார்த்தீங்களா?"

"எத்தனை பேர் தண்ணி ஊத்துறீங்க?"

"அப்பா மட்டும்தான்."

அவர் நாற்றின் வேரைப் பிழிந்தார். சொட்டியது. "ஒரு ஆள் இவ்வளவு ஊத்த முடியாது. வீட்டுல போய் நல்லாப் பாரு."

மறுநாள் எனக்கு வயிற்றுவலி வந்தது. வரவழைப்பதில் எனக்கு நல்ல பழக்கம். கூடத்துக் கட்டிலில் போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டு, கண் அளவுக்கு ஒரு மடிப்பை விலக்கி வைத்துக்கொண்டு, இரண்டாவது தட்டைக் காவல் காத்தேன். அது இன்னும் நின்றுகொண்டிருந்தது.

விடிந்ததும் அப்பா ஊற்றினார். அது கணக்கில் இருக்கிறது. அவர் படி இறங்கின சத்தம் அடங்கியதும் அம்மா வந்தாள், டம்ளரோடு. "மனுஷன் அவசரத்துல சரியா ஊத்திருக்க மாட்டாரு" என்று தட்டிடம் விளக்கம் வேறு. அம்மா கடைக்குப் போனதும் அக்கா, போனைக் காதில் இடுக்கிக்கொண்டு. "ஆமாங்க... இல்லங்க... ஒண்ணுமில்ல, செடிக்குத் தண்ணி ஊத்துறேன். பாவம், அப்பா ஆசைப்பட்டு வச்சது." அடுத்து ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு பாட்டில் நுழைந்தது. அதைப் பிடித்திருந்த கையில் தையல் விரல் உறை. தையல் அத்தை பால்கனிச் சுவரில் எக்கி நின்று ஊற்றிக்கொண்டிருந்தார். "அண்ணன் வளக்குறாரு, நல்லா வாங்கடா ராசா."

மத்தியானம் கீழே வேன் நிற்கிற சத்தம். அப்பா! குழாயில் கை கழுவுகிற சத்தம், மறுபடி கழுவுகிற சத்தம், மூச்சு வாங்க மாடிப்படி. நான் தூங்குவதாக நினைத்துப் பூனை மாதிரி வந்தார். சொம்புத் தண்ணீரை மெல்லச் சாய்த்தார். பிறகு உள்ளங்கையை நாற்றுகளுக்கு மேலே, தொடாமல், நிழல் மாதிரி நீட்டி வைத்துக்கொண்டு, "ஓடக்கூடாது. மெதுவா, மெதுவா" என்றார்.

போர்வைக்குள் நான் சிரிக்கத்தான் நினைத்தேன். மூக்கில் நீர் வந்தது. போர்வையில் தூசி இருந்திருக்கும்.

சாயங்காலம் எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்து, நான் பார்த்ததைச் சொல்லி வாக்குமூலம் வாங்கினேன். தையல் அத்தையைப் பால்கனி வழியாகவே கூப்பிட்டேன்.

"நான் ஒரு டம்ளர்தான் ஊத்துனேன்" என்றாள் அம்மா.

"நானும் ஒண்ணுதாம்மா."

"நான் அரை பாட்டில்" என்றார் அத்தை. "வெயில் நாள்ல முழுசு."

"செடி வளர்க்கச் சொன்னா நீச்சல் கத்துக்குடுத்திருக்கீங்க எல்லாருமா சேர்ந்து" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் அதற்குள் காலம் கடந்திருந்தது. இரண்டே நாளில் இரண்டாவது தட்டும் சரிந்தது; மண்மேல் பஞ்சு பிரித்துப் போட்ட மாதிரி வெள்ளையாகப் பூஞ்சை. அப்பா தட்டைக் குப்பைக்கு எடுத்துப் போகும்போது சொன்னார்: "தண்ணி எல்லாரும்தான் ஊத்துனீங்க. விதை போட்டது ஒரு கைதானே. விடுங்க. எதாவது இனிப்பு டப்பா வாங்கிக்கலாம். மாப்பிள்ளையோட தம்பி நின்னு குடுக்கட்டும்."

"ஏங்க, அப்படிச் சொல்லாதீங்க" என்றாள் அம்மா.

"கைராசின்னு ஒண்ணு இருக்குல்ல. இந்தக் கைக்கு அது போற ராசி, வர்ற ராசி இல்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கைராசி என்றால் எங்கள் கட்டடத்தில் தையல் அத்தைதான். ஒடிந்த குச்சியை நட்டாலும் துளிர்க்கும் என்பார்கள். அத்தை வெட்டினால்தான் நல்லது என்று பிறந்த குழந்தைக்குச் சட்டை தைக்க எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். அதனால் நான் ஒரு போட்டி வைத்தேன். ஒரு தட்டில் அத்தை விதை போடட்டும், இன்னொன்றில் அப்பா. மண், தண்ணீர், வெளிச்சம் எல்லாம் ஒன்று. கையைத் தவிர வேறு எதிலும் வித்தியாசம் இருக்கக்கூடாது.

"என்னுது செத்துதுன்னா அப்புறம் யாரும் இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது" என்றார் அப்பா.

"சரி."

"சத்தியமா?"

"என் வயித்துவலி மேல சத்தியம்."

தண்ணீர் விடும் பொறுப்பு யாருக்கு என்பதில் பெரிய வாக்குவாதம். நர்சரி அண்ணன்தான் தீர்ப்புச் சொன்னார்: "உங்க வீட்டுலயே சோம்பேறி யாரோ, அவங்ககிட்ட விடுங்க." வீடு முழுக்க ஒரே மனதாக என்னைத் தேர்ந்தெடுத்தது. இப்படி ஒரு பதவி எனக்கு இதற்கு முன் கிடைத்ததில்லை.

இந்தத் தடவை ஒழுங்காகச் செய்தோம். தட்டுகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, அலசி வெயிலில் காயவைத்தோம். பழைய மண் வேண்டாம் என்று நர்சரியிலிருந்து புதிதாகத் தென்னை நார்த்தூளும் உரமும் வாங்கிக் கலந்தோம். பிடித்தால் உருண்டையாக வேண்டும், பிழிந்தால் சொட்டக்கூடாது. அந்த அளவு ஈரம். குழிக்கு ஒரு விதை, பெரிய மனது வந்தால் இரண்டு. மேலே மெல்லிசாக மணல், அப்போதுதான் தண்டின் கழுத்துப் பக்கம் சீக்கிரம் காயும். தண்ணீரை மேலே ஊற்றாமல், தட்டை ஒரு தாம்பாளத்துத் தண்ணீரில் சற்று நேரம் உட்கார வைத்து, அடியிலிருந்து உறிஞ்சவிட்டு, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். அதுவும் காலையில் மட்டும், மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும். காய்ந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் திரும்பி வருவதுதான் வேலையில் பாதி. எனக்கென்றே செய்த வேலை.

அத்தை கடையிலிருந்து பழைய மேசை மின்விசிறியைக் கொண்டுவந்தார். அது தலையை ஆட்டினால் 'டக் டக்' என்று சுளுக்கு விழுந்த மாதிரி சத்தம் வரும். "நனைஞ்ச துணியைக் குவிச்சு வச்சா பூஞ்சை பிடிக்காதா? இதுவும் அப்படித்தான், காத்து வேணும்" என்றார். நாற்று முளைத்ததும் அதை எட்ட வைத்து மெதுவாக ஓடவிட்டோம்.

அப்பாவின் தட்டு மூலையில் சிவப்பு நூல், அத்தையின் தட்டு மூலையில் நீல நூல். அப்பா விதை போட்ட அன்று ஒவ்வொன்றையும் விரல் நுனியில் எடுத்துக் குழியில் விட்டார். விட்டபின் கையை உடனே பின்னால் கட்டிக்கொண்டார், சூடுபட்ட மாதிரி.

இரண்டும் ஒரே நாளில் முளைத்தன. நான் தெருமுனைவரை ஓடிப்போய் வந்தேன், காரணமில்லாமல். ஆனால் சில நாளில் வித்தியாசம் தெரிந்தது. நீல நூல் தட்டில் நாற்றுகள் குட்டையாக, தடியாக, தெம்பாக நின்றன. சிவப்பு நூல் தட்டில் வெளிறி, நெடுநெடுவென்று ஒரு பக்கமாக வளைந்திருந்தன. அப்பா வேலையிலிருந்து வந்து பார்ப்பார். ஃபிரிட்ஜ் மேல் சாவியை வைப்பார்.

எவ்வளவு நாள்தான் பொறுப்பது? ஒரு மத்தியானம் வீட்டில் யாருமில்லாதபோது நூல்களை அவிழ்த்து மாற்றிக் கட்டினேன். சிவப்பு நூல் தெம்பான தட்டுக்கு வந்துவிட்டது. நான் செய்த வேலைகளிலேயே சுத்தமான வேலை, முடிச்சுகூட அதே மாதிரி.

மறுநாள் பார்க்கிறேன், சிவப்பு நூல் மறுபடி வெளிறிய தட்டில் இருக்கிறது!

சரி, தூக்கக் கலக்கத்தில் தப்பாகக் கட்டியிருப்பேன் என்று மறுபடி மாற்றினேன். சாயங்காலம் சரியாக இருந்தது. அடுத்த நாள் பழையபடி. எனக்குப் பயமே வந்துவிட்டது. அப்பாவின் வண்டியில் போனவர்களில் யாரோ குறும்பு பிடித்தவர் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். என் பிழைப்பிலேயே போட்டிக்கு ஆள்.

மூன்றாவது தடவை மாற்றலாம் என்று மெல்லக் கூடத்துக்குள் வந்தால், ஜன்னல் பக்கம் தையல் அத்தை. எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்திருந்தார். பல்லில் சிவப்பு நூல், கையில் நீல நூல்.

"அத்தை!"

நூல் வாயிலிருந்து விழுந்தது. "சத்தம் போடாதடி. அண்ணன் மூஞ்சியப் பார்க்க முடியல. எனக்கு எதுக்கு இந்தக் கைராசி? அவருக்குப் போகட்டும்னு மாத்தி விட்டேன்."

"எத்தனை தடவை?"

"இது ரெண்டாவது. மொத தடவை ராத்திரி பால்கனியிலேர்ந்து கையை விட்டு, எது எதுன்னு தெரியாத இருட்டுல. யாரோ திருப்பித் திருப்பி மாத்துறாங்க."

"அது நான்" என்றேன்.

"அடிப் பாவி."

சமையலறை வாசலிலிருந்து அக்காவின் குரல்: "நான் நேத்து ராத்திரி மாத்தினேன், விளக்குக்கூடப் போடாம."

அவளுக்குப் பின்னால் அம்மா. முகம் சிவந்திருந்தது. "நான் தட்டையே இடம் மாத்தி வச்சேன். அந்தப் பக்கம் இருந்ததைத் தூக்கி இந்தப் பக்கம்."

"நூலோடயா?"

"நூல் அதுலதானே கட்டியிருக்கு?"

"அப்ப என்னம்மா மாறுச்சு?"

அம்மா யோசித்தாள். "அட, ஆமால்ல?"

ஆக, முதலில் மாற்றியது யார், எந்தத் தட்டு யாருடையது என்று எங்கள் நான்கு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. பழைய கதைதான்; அன்று எல்லாரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் தண்ணீர் ஊற்றினோம், இப்போது நூல். இந்தக் குடும்பத்தில் ஒருவருக்கு ஒன்று என்றால் மற்றவர்கள் ஒருவரை ஒருவர் கலந்து பேசவே மாட்டார்கள். நேராகப் போய்க் கவிழ்ப்பார்கள்.

அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றாமல் அப்பா நிற்பதைப் பார்த்தேன். ஹார்ன் அடிக்காத மனிதர் வீட்டுக்குள் வருவதும் அப்படித்தான். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

மின்விசிறி மட்டும் டக் டக். அப்பா ஜன்னலுக்கு வந்தார். கீழே விழுந்த சிவப்பு நூலை எடுத்தார், அத்தையின் கையைப் பார்த்தார். அத்தை நீல நூலைத் திட்டில் வைத்தார். அதையும் எடுத்து இரண்டையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு குனிந்து, கன்னத்தைத் திட்டில் வைத்து, வெளிறிய தட்டைப் பக்கவாட்டில் பார்த்தார்.

"இது சுவர் ஓரத்துல இருந்திருக்கு. வெளிச்சம் தேடி வளைஞ்சிருக்கு, அவ்வளவுதான். யாருடி இதைப் பாக்குற ஆளு?"

"நான்தான்."

"தண்ணி மட்டும் பாத்தா போதுமா? தினம் திருப்பி வைக்க வேணாமா?"

தட்டை இரண்டு கையாலும் பிடித்து அவரே திருப்பினார். தெம்பானதைச் சுவர்ப் பக்கம் தள்ளிவிட்டு, வெளிறியதை வெளிச்சத்தில் இழுத்து வைத்தார். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளவில்லை. அத்தை புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "அண்ணே, கடையில வேலை கெடக்கு" என்று ஓடினார்.

வெளிறியதில் சில போயின. மற்றவை ஒரு வாரத்தில் நிமிர்ந்தன. அந்த வாரமே அப்பா இன்னும் பல தட்டுகளில் விதை போட்டார், நூல் எதுவும் கட்டாமல். வளர்ந்த நாற்றுகளைக் காகிதக் கப்புகளுக்கு மாற்றும்போது தண்டைப் பிடிக்கவிடமாட்டார். "அங்க பிடிச்சா நசுங்கிடும்டி. இலையைப் பிடிச்சுத் தூக்கு." இரண்டு விதையிலையும் கை தூக்கிக்கொண்டு நிற்கும், அதன் அடியில் விரல் கொடுத்துத் தூக்கி மெல்லக் கீழே இறக்குவார். நான் எஞ்சின் மூடி மேலிருந்து பார்த்த அதே அப்பா.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் தட்டுத் தட்டாகச் செடிகள். அப்பா புதுச் சட்டை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது, வாசலில் போட்டிருந்த அந்த மேசையைத் தவிர. காலையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பா ஒரு கப்பை எடுத்து மேசை ஓரத்தில் வைத்துப் பார்த்தார், ஒரு அடி தள்ளி நின்று பார்த்தார். ஒத்திகை! இவ்வளவு பாடுபட்டு, கடைசியில் இதையும் வைக்கத்தான் போகிறார்.

முதல் பந்தி முடியும் நேரம் அவர் கை கழுவப் போனார். அவர் கை கழுவினால் எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும். நானும் மாப்பிள்ளையின் தம்பியும் மேசையைத் தூக்கிக்கொண்டு போய் மேடைக்குப் பின்னால், திரைக்கு அந்தப் பக்கம் போட்டோம். எதற்கு என்று அவன் கேட்டான். "சொந்தக்காரனாகப் போற, கேள்வி கேக்காத" என்றேன்.

அப்பா வந்தார். இரண்டு கையிலும் ஒவ்வொரு செடியை எடுத்துக்கொண்டு திரும்பினார். வைக்க இடமில்லை.

"மேசை எங்கடி?"

"எந்த மேசை?"

"வாலு..."

அதற்குள் ஒரு சின்னப் பெண் முன்னால் வந்து நின்றுவிட்டாள். ஒரு செருப்பு காலில், ஒரு செருப்பு அக்குளில். பின்னால் அவள் அம்மா, தூங்கும் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இன்னொரு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"மாமா, எது மிளகாய்?"

அப்பா இடது கையைக் கண்ணால் காட்டினார்.

"எனக்குக் காரம் வேணாம். தக்காளி குடுங்க." இரண்டு கையையும் குழித்து நீட்டினாள். அப்பா அவளுடைய அம்மாவைப் பார்த்தார். நகரவில்லை. "சீக்கிரம் மாமா, ஆட்டோ நிக்குது!"

அவள் அம்மா செருப்புக் குவியலிலிருந்து தலையைத் தூக்கி, "அட, குடுங்கண்ணே, இல்லாட்டி இவ இங்கயே உருளுவா" என்றாள்.

அப்பா குனிந்து கப்பை அந்தக் கைகளுக்குள் வைத்தார். தன் விரல்களை உடனே எடுக்கவில்லை. அவள் சரியாகப் பிடித்துக்கொண்டாளா என்று பார்த்தார். "ஓடக்கூடாது. மெதுவா போகணும்."

அவள் ஓடினாள். அம்மாவும் பின்னால் ஓடினாள்.

அதற்குப் பிறகு வரிசை. ஒவ்வொருவருக்கும் கையில் கையில் கொடுத்துக்கொண்டே இருந்தார். "தினம் ஊத்தாதீங்க. விரலை வச்சுப் பாருங்க, காஞ்சிருந்தா மட்டும்" என்று எல்லாரிடமும் சொன்னார். சிலர் வாங்கத் தயங்கியிருக்கலாம், சொல்லத் தெரியவில்லை. நான் அவர் கையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா மணவறையிலிருந்து எட்டி எட்டிப் பார்த்து, கண்மை கரைந்து, போட்டோக்காரரிடம் திட்டு வாங்கினாள். சமையல்காரர் மேசையைக் காணோமென்று மண்டபம் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்து அக்காவை அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தோம். வீடு ஒரு ஆள் குறைவாக, பெரிதாக இருந்தது. அம்மா ஜன்னல் திட்டில் மிச்சமிருந்த செடிகளைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். டம்ளரை எடுக்கவில்லை, நான் கவனித்தேன்.

கதவைத் திறந்த அப்பா சாவியோடு ஃபிரிட்ஜ் பக்கம் போனார். பாதியில் நின்றார். திரும்பி என்னைப் பார்த்து, சாவியை நீட்டினார்.

"பிடி."

எனக்கு எங்கே கை நீட்டுவதென்றே தெரியவில்லை. பழக்கமில்லை. சாவி என் விரல்களுக்கு நடுவே நழுவிக் கீழே விழுந்து சத்தம் போட்டது.

"வாங்கக்கூடத் தெரியல, இதெல்லாம் ஒரு பிள்ளை" என்று அம்மாவிடம் சொன்னார். குனிந்து எடுத்தார். என் கையைப் பிடித்து விரித்து, சாவியை உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டார்.

"இப்ப சொல்லு. மேசை எங்க?"